மொட்டை மாடியில் பத்து மீட்டர் கம்பிக்கு இடம் கேட்டு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் சார், செயலாளர் மேடம், பொருளாளர் தம்பி, அப்புறம் ஏ, பி, சி பிளாக்குகளில் குடியிருக்கும் எல்லோருக்கும்,

பி பிளாக் மூன்றாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கம்பி கட்டியிருந்ததே, அது என்னுடையதுதான். மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் காலையில் "இது என்ன, யாருடையது?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. மதியத்துக்குள் பதினேழு பேர் கருத்துச் சொல்லியாகிவிட்டது. சாயந்திரம் வாட்ச்மேன் அண்ணன் அதை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சுருட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் கைவேலை தெரிந்தவர் என்று புரிந்தது.

கேட்காமல் கட்டியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லி முறையாக அனுமதி கேட்கத்தான் பொதுக்குழுவுக்கு வந்தேன். தண்ணீர் லாரி விவகாரமே இரண்டு மணி நேரம் ஓடியது. "வேறு ஏதாவது" என்ற இடத்துக்கு வரும்போது பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள், மீதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பி ஓர் ஆன்டெனா. நான் செய்வதற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர், எல்லோரும் சொல்வது ஹாம் ரேடியோ. திருட்டு வேலை இல்லை. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை இதற்கென்று தேர்வு வைக்கிறது. வானொலி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பகுதி, சட்டதிட்டம் என்று ஒரு பகுதி, இரண்டிலும் தேற வேண்டும். அதற்குப் பிறகு உரிமம், உரிமத்தோடு வி.யு. என்று தொடங்கும் ஓர் அழைப்புக்குறி. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் குறி இருக்காது. தேர்வு எழுதக் குறைந்தபட்ச வயது 12. நான் எழுதியபோது எனக்கு 41. கதை என்னவென்றால், என் பையனுக்குப் பன்னிரண்டு முடிந்த வருடம் இந்த வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போய், வெளியே உட்கார வெயிலாக இருக்கிறதே என்று நானும் உள்ளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலாவது வாரம் அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நான் போகவில்லை. இன்றைக்குப் பூனாவில் வேலை பார்க்கும் அவன், "அம்மா, இன்னும் அந்த டப்பாவையா கட்டிக்கிட்டு அழுறே?" என்று போனில் கேட்கிறான்.

குழுவில் ஒருவர், பெயர் வேண்டாம், "இதெல்லாம் உளவு வேலைக்குப் பயன்படுத்துவாங்க சார்" என்று எழுதியிருந்தார். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை, அரசாங்கங்களும் அப்படித்தான் நினைத்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் வெள்ளைக்காரர்கள் இங்கிருந்த ஹாம்களின் உரிமங்களை எல்லாம் ரத்து செய்தார்கள். அவர்கள் பயந்ததற்கும் காரணம் இருந்தது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கிய கையோடு, உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் கூட்டாளிகளும் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ என்று ஒரு ரகசிய வானொலி நடத்தினார்கள். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வீடு வீடாக மாறி மாறி ஒலிபரப்பி, கடைசியில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். அந்தக் கருவியைக் கட்டிக்கொடுத்தவர் நரிமன் பிரின்டர் என்ற ஹாம். நான் உஷா மேத்தா இல்லை, அவ்வளவு துணிச்சலும் கிடையாது. என் கையில் உரிமம் இருக்கிறது, நகல் எடுத்து மடலோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு ரகசியம் பேச முடியாது. யார் வேண்டுமானாலும் கேட்கும்படி, மறைகுறி இல்லாமல் பேச வேண்டும் என்பது சட்டம். வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் கூடாது, மதம் கூடாது, பாட்டுப் போடக்கூடாது. யாரோடு, எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்குப் பேசினேன் என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவுக்கு இந்த விதிகளைப் போட்டால் ஒரு நாளைக்கு இரண்டு செய்திதான் மிஞ்சும், அதில் ஒன்று லிப்ட் ஓடவில்லை என்பதாக இருக்கும்.

சரி, எல்லோரும் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போன் இருக்கிறதே, வீடியோ காலே வந்துவிட்டதே, இதனால் என்ன பயன்?

இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. வெள்ளம், புயல், செல்போன் கோபுரம் படுத்துவிட்டது, அப்போது ஹாம் ரேடியோதான் கைகொடுக்கும் என்று சொன்னால் உடனே அனுமதி கிடைத்துவிடும். அது உண்மையும்கூட, பிறகு சொல்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தைக் காட்டி உங்களிடம் அனுமதி வாங்க எனக்கு மனசில்லை. புயலுக்காக நான் இதைச் செய்யவில்லை. தினமும் சாயந்திரம் அடுப்படி வேலையை முடித்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவது ஆச்சரியத்துக்காக. பதினோரு வருடமாகியும் அந்த ஆச்சரியம் குறையவில்லை. அதை உங்களுக்குப் புரியவைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

சி பிளாக்கில் ஒரு தாத்தா இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே தூண்டிலை எடுத்துக்கொண்டு முட்டுக்காடு பக்கம் போய்விடுவார். மீன் மார்க்கெட்டில் கிடைக்காதா என்று அவரிடம் யாராவது கேட்கிறோமா? போனில் நான் கூப்பிடுவது எனக்குத் தெரிந்த ஆளை, அவர் எடுப்பார் அல்லது எடுக்கமாட்டார். ரேடியோவில் "சி.கியூ., சி.கியூ." என்று கூவினால், அதாவது யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டால், யார் பதில் சொல்வார் என்று எனக்கும் தெரியாது, வானத்துக்கும் தெரியாது. சில நாள் ஒன்றும் அகப்படாது. சில நாள் ஒரு ஜப்பான் தாத்தா.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் தெருவில் எந்த வீட்டு ரேடியோவிலும் இலங்கை வானொலிதான் ஓடும். திருச்சி நிலையத்தைவிட அது பளிச்சென்று கேட்கும். கொழும்பு வேறு நாடு என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது, அந்தப் பக்கம் எங்கேயோ திருச்செந்தூர் தாண்டி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அவ்வளவு தெளிவாக வந்தது என்பது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், தரையை ஒட்டி ஓடும்போது வறண்ட மண் அதைச் சீக்கிரம் தின்றுவிடும், உப்புத்தண்ணீர் அப்படித் தின்னாது. எங்களுக்கும் இலங்கைக்கும் நடுவில் இருந்ததோ கடல். சின்ன வயதில் ராத்திரியானால் மட்டும் புரியாத மொழிகளில் நிலையங்கள் வந்து குவியும், காலையில் ஒன்றும் இருக்காது. அதற்கும் அன்றைக்கு விடை கிடைத்தது. பகலில் வெயில் பட்டு, தலைக்கு மேலே அறுபது, எழுபது, எண்பது கிலோமீட்டரில் ஒரு மின்னேற்றப் படலம் உண்டாகிறது. கீழிருந்து போகும் மத்திய அலையை அது குடித்துவிடும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துபோகும். அதற்கும் மேலே இருக்கும் படலங்கள் ராத்திரியிலும் நிற்பதால் அலை அவற்றில் பட்டு வளைந்து தூர தேசங்களிலிருந்து நம் வீட்டுக்கு இறங்கும். முப்பது வருடமாக எனக்குள் கிடந்த கேள்விக்குக் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டுப் பதில் சொன்னார் பாடம் எடுத்த சார். அதற்கப்புறம் எப்படி எழுந்து போவது?

அந்த மேல் படலம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ், அதில் பட்டு வளைந்து கீழே வந்தால், ஒரே தாவலில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலும் போகும். கீழே கடலிலோ மண்ணிலோ பட்டு மறுபடி மேலே, மறுபடி கீழே. குளத்தில் தட்டையான ஓட்டாஞ்சில்லை எறிந்து தவளைப் பாய்ச்சல் விட்டிருக்கிறீர்கள்தானே, அதைத் தலைகீழாகவும் நேராகவும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான் முதன்முதலாக வெளிநாட்டோடு பேசியது அந்த சார் வீட்டு மாடியிலிருந்து. சாயந்திரம் ஆறே முக்கால் இருக்கும். ஆன்டெனா என்பது எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய ஒன்றரை ஸ்கொயர் ஒயர், அவ்வளவுதான், இரண்டு பக்கமும் ஐந்து மீட்டர் சொச்சம், நடுவில் ஒரு கேபிள். கருவியிலிருந்து போன சக்தி 20 வாட், பழைய டியூப்லைட்டுக்கே 40 வாட் வேண்டும். என் அழைப்புக்குறியைச் சொல்லி முடித்துக் காது கொடுத்தால், இரைச்சலுக்கு நடுவில் ஒரு வயதான குரல் என் குறியை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்கிறது. ஜப்பான். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை, கோபுரம் இல்லை, சந்தா இல்லை, கடலுக்கடியில் கேபிளும் இல்லை. அந்த மனிதர், நான், இடையில் வானம். எனக்குக் கை நடுங்கிவிட்டது, என்ன சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோய் "வணக்கம்" என்று தமிழில் சொன்னேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது, நம் மாடிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. மார்க்கோனி 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் எஸ் என்ற எழுத்தை, அதாவது மூன்று புள்ளிகளை, திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லிவிட்டு, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் பட்டம் விட்டு அதில் கம்பி கட்டிக் கேட்டார். கேட்டது என்றார். பூமி உருண்டை, அலை நேர்கோட்டில் போகும், எப்படிக் கேட்கும் என்று பலர் நம்பவில்லை. வானத்தில் மின்னேற்றப் படலம் இருக்கலாம் என்று அடுத்த ஆண்டே ஹெவிசைடும் கென்னலியும் தனித்தனியாகச் சொன்னார்கள். அது உண்மை என்று ஆப்பிள்டன் 1924-இல் நிரூபித்து, 1947-இல் நோபல் பரிசு வாங்கினார். இதற்கு நடுவில் நடந்ததுதான் கதை. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காரர்கள் கப்பல் செய்திகளுக்கு இடைஞ்சல் செய்கிறார்கள் என்று 1912-இல் ஒரு சட்டம் போட்டு, "நீங்கள் 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளத்துக்குப் போங்கள்" என்று ஓரங்கட்டினார்கள். அந்தச் சிற்றலைகள் தூரம் போகாது, உருப்படாதவை என்பதுதான் அப்போதைய அறிவு. நம் ஊர்ப் பாஷையில், புறம்போக்கைப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. அந்தப் புறம்போக்கில் தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள், 1923 நவம்பரில் 110 மீட்டர் அலையில் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து பிரான்ஸின் நீஸ் நகரத்தோடு இரண்டு பக்கமும் பேசிவிட்டார்கள். பேசியவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள், கருவி வீட்டில் செய்தது. அதற்குப் பிறகு பாருங்கள், கம்பெனிகளும் அரசாங்கங்களும் சிற்றலைக்கு ஓடிவந்தன, எல்லோருக்கும் அங்கே நிலம் வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்த மூலையில் இப்போது இருப்பவை உடைந்த கமோடு ஒன்று, பெயிண்ட் டப்பாக்கள், யாரோ போட்டுவிட்டுப் போன தொட்டில் சட்டம். அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

அனுமதியை அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவிடலாம் என்று சிலர் சொல்வதாகக் கேள்வி. தயவுசெய்து வேண்டாம், இதற்குக் காரணம் சூரியன். வானத்தில் அந்தப் படலத்தை உண்டாக்குவது சூரியன்தான், அதன் உடம்பில் கரும்புள்ளிகள் கூடக் கூட நம் அலை தூரம் போகும். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை அவை கூடிக் குறையும். கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். படகுச் சவாரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. நம் தென்கோடிக்கு இன்னொரு விசேஷம், பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது. பகல் நேரத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அதை ஆராயவே திருநெல்வேலி பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் மத்திய அரசு ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. கேரளத்தில் தும்பாவில் 1963-இல் முதல் ராக்கெட் விட்டதும் அந்தக் கோட்டுக்குப் பக்கம் என்பதால்தான். தூத்துக்குடியில் நான் வளர்ந்த காலமெல்லாம் தலைக்கு மேல் இன்னொரு தாமிரபரணி ஓடியிருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்தத் தடவை சூரியன் உச்சத்துக்குப் போனது 2024 வாக்கில். அந்த வருடம் மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் வந்து, லடாக்கில் ஹான்லேயில்கூட வானம் சிவப்பாகத் தெரிந்தது என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அன்று ராத்திரி என் ரேடியோவில் பேண்டு, அதாவது எங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைத் தொகுப்பு, முழுக்க ஊமை. கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று அரை மணி நேரம் இணைப்புகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி நடந்த ஒன்று என் மேசைக்கு வந்துவிட்டது என்று புரிந்த பிறகு, ஊமையாக இருந்ததையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் கரும்புள்ளிகள் வருடத்துக்கு வருடம் குறையும். அடுத்த உச்சம் 2030-களின் நடுவில்தான், அப்போது எனக்கு அறுபது தாண்டியிருக்கும். உங்கள் தீர்மானத்துக்காகச் சூரியன் காத்திருக்காது, பொருளாளர் தம்பி.

அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் ஒன்றுமில்லை. உன் குரல் எப்படிக் கேட்கிறது, எந்த ஊர், என்ன கருவி, என்ன ஆன்டெனா, அங்கே வெயிலா மழையா. கடைசியில் 73 என்று சொல்லி முடிப்போம், தந்திக்காரர்கள் காலத்திலிருந்து வரும் எண், வாழ்த்துகள் என்று அர்த்தம். சைபீரியாவில் ஒருவர் அங்கே மைனஸ் முப்பது என்றார், இங்கே ஜனவரியிலும் மின்விசிறி போட்டிருக்கிறேன் என்றேன், இருவரும் சிரித்தோம், அலை மங்கிவிட்டது. அவ்வளவுதான் அந்த நட்பு. ஆனால் மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து ஓர் அட்டை வந்தது, பேசியதை உறுதிப்படுத்தும் அட்டை, பனியில் புதைந்த வீட்டின் படத்தோடு. அப்படி நூற்றுக்கும் மேல் வைத்திருக்கிறேன், முறுக்கு டின்னில். போன ஆண்டு நண்பர்களோடு கடற்கரையில் நீளமான கம்பி கட்டி 40 மீட்டர் பேண்டில் கூப்பிட்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தமிழில் வந்தார். "உங்கட சத்தம் நல்லா வருது, ஆனா இஞ்ச கொஞ்சம் இரைச்சலாக் கிடக்கு" என்றார். சின்ன வயதில் ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து ஒருவழியாக மட்டும் வந்த அந்தப் பேச்சு, இந்தத் தடவை நான் சொல்வதைக் கேட்டுப் பதிலும் சொன்னது. இதை என் பையனிடம் சொன்னேன். "சூப்பர்மா" என்றான், டைப் அடித்துக்கொண்டே.

மோர்ஸும் கற்றுக்கொண்டேன். என் உரிமத்துக்கு அது கட்டாயமில்லை, என் ஆசை. அதைப் புள்ளி, கோடு என்று எண்ணிப் படித்தால் வராது, ஜதி மாதிரிக் காதில் ஏற வேண்டும். சி.கியூ. என்றால் டா-டி-டா-டிட், டா-டா-டி-டா. குக்கர் மூடியில் கரண்டியால் தட்டிப் பழகினேன், கீழ் வீட்டு அக்கா ஒருநாள் மேலே வந்து "என்னம்மா, பேரன் வந்திருக்கானா?" என்று கேட்டார். நன்மை என்னவென்றால், பேச்சு புரியாத இரைச்சலிலும் மோர்ஸ் தப்பித்து வந்துவிடும். அதையும் மிஞ்சி, இரைச்சலுக்குள் முழுகிப்போன, காதுக்கே கேட்காத சமிக்ஞையைக் கம்ப்யூட்டர் தோண்டி எடுக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. எஃப்டி8 என்ற முறை 2017-இல் வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், பல்சார் என்ற துடிக்கும் விண்மீன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், அவரும் ஒரு ஹாம். நோபல் வாங்கிய பிறகும் மனிதர் இதில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் குழுவில் "வேலையத்தவங்க பொழப்பு" என்று எழுதிய அண்ணனுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். சந்திரனில் மோதவிட்டுத் திரும்பி வரும் அலையில் பேசுகிறவர்களும் உண்டு, போய்வர இரண்டரை விநாடி ஆகும், நாம் சொன்னது நமக்கே நிலாவிலிருந்து திரும்பிக் கேட்கும். என் பத்து மீட்டர் கம்பியில் அது நடக்காது, பயப்படாதீர்கள், அதற்குப் பெரிய ஆன்டெனா வேண்டும், அதை இந்த மடலில் கேட்கவில்லை.

என் கருவியும் வெளிநாட்டுப் பெட்டி இல்லை. பிட்எக்ஸ் என்று ஒரு வடிவமைப்பு, ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் உருவாக்கியது. சாதாரணக் கடையில் கிடைக்கும் உதிரிபாகங்களை வைத்தே கட்டலாம் என்பதுதான் அதன் அழகு, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் கட்டியிருக்கிறார்கள். நான் சாலிடரிங் கற்றுக்கொண்டது அதில்தான். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது புகை வந்தது, இரண்டாம் தடவை சத்தமே வரவில்லை, மூன்றாம் தடவை டெல்லி கேட்டது.

விண்வெளியும் இதில் உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட்டில் ஹாம்சாட் என்று ஒரு குட்டிச் செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது, 42.5 கிலோ, முழுக்க முழுக்க எங்களைப் போன்றவர்களுக்காக. அதன் இரண்டு தொடர்புக் கருவிகளில் ஒன்றைச் செய்தது நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். அது ஒன்பது வருடம் உழைத்துவிட்டு 2014-இல் ஓய்ந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி இருக்கிறது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா மேலே இருந்தபோது அதில் நம் பள்ளிப் பிள்ளைகளோடு பேசினார். நிலையம் தலைக்கு மேல் கடக்கும் எட்டுப் பத்து நிமிடத்தில் 145.800 மெகாஹெர்ட்ஸில் கையடக்கக் கருவியை வைத்தே கேட்கலாம். நம் பிளாக் பிள்ளைகள் விடுமுறையில் கேம் ஆடிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று குழுவில் வாரம் ஒருமுறை புலம்பல் வருகிறதே, ஒருநாள் என்னிடம் அனுப்பிப் பாருங்கள்.

இப்போது அந்தப் பயன் விஷயம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவரது குழுவும் அந்தமானுக்குப் போயிருந்தார்கள். போனது பொழுதுபோக்குக்காகத்தான். அந்தமானிலிருந்து எந்த ஹாமும் பேசிப் பல வருடம் ஆகியிருந்ததால், உலகம் முழுக்க ஹாம்கள் அந்தத் தீவோடு பேச வரிசையில் நின்றார்கள். 26-ஆம் தேதி காலையில் பூமி குலுங்கியது, கடல் உள்ளே வந்தது, தொலைபேசிகள் செத்துப்போயின. போர்ட் பிளேரில் அந்தப் பெண் கருவியை எடுத்து வெளியே வைத்து, யார் உயிரோடு இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்று தரைப்பகுதிக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார், நாள்கணக்கில் அதையே செய்தார். எங்கள் ஊர்க் கடற்கரையிலும் அந்த டிசம்பர் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், அவர்கள் அங்கே இருந்ததே விளையாட்டுக்காக. விளையாட்டாகத் தினமும் கை பழகியிருந்ததால்தான் அன்றைக்குக் கை ஓடியது. புயல் வரும்போது மட்டும் பீரோவிலிருந்து எடுக்கும் கருவி அநேகமாக வேலை செய்யாது, பேட்டரி இறங்கியிருக்கும்.

உங்கள் பயங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு: என் கருவி வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் ஓடினால் அதிகம், அதிலும் பெரும்பகுதி கேட்பதுதான், பேசுவது கொஞ்சம். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே சங்கம் இதே மாடியைச் செல்போன் கோபுரத்துக்கு வாடகைக்கு விடப் பேசியது, வாடகை படியவில்லை என்பதால்தான் விட்டது, கதிர்வீச்சு என்று அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. டிவி: உங்கள் டிஷ்ஷுக்கு வரும் அலையும் என் அலையும் ரொம்ப ரொம்பத் தள்ளி இருப்பவை, மோதாது. ஆனால் மலிவான ஸ்பீக்கர் செட் எதிலாவது என் குரல் கரகரவென்று நுழைய வாய்ப்புண்டு, மறைக்கவில்லை. அப்படி நடந்தால் அன்றே நிறுத்துவேன், ஒயரில் மாட்டி இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் என் செலவில் வாங்கிப் போட்டுத் தருகிறேன். உண்மையைச் சொன்னால் தொந்தரவு அதிகம் எதிர்ப்பக்கம்தான். உங்கள் எல்.இ.டி. பல்பு, சார்ஜர், மாடியில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டர், லிப்ட் மோட்டார் எல்லாம் சேர்ந்து என் காதில் போடும் சத்தம் இருக்கிறதே, லிப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று ஹெட்போனில் கேட்டே சொல்லிவிடுவேன். நான் புகார் கொடுத்தேனா?

இடி மின்னல் பயம் நியாயமானது. கம்பி லிப்ட் ரூமைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும், எர்த் போடுகிறேன், இடி முழங்கினால் கழற்றி வைத்துவிடுவேன், அது என் கருவிக்கும் நல்லது. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றால், மாடியில் நாற்பது டிஷ்ஷும் இன்டர்நெட்காரர்கள் இடியாப்பம் பிழிந்த மாதிரி விட்டுப்போன ஒயர்களும் இருக்கும் இடத்தில் என் கம்பியைக் கண்டுபிடிக்கவே உங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்களே என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கேட்டால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

ஆக, நான் கேட்பது: தண்ணீர்த் தொட்டி மூலையிலிருந்து லிப்ட் ரூம் சுவர் வரை பத்து மீட்டர் கம்பி, நடுவிலிருந்து என் பால்கனிக்கு ஒரு கறுப்புக் கேபிள். சுவரில் துளை போடமாட்டேன், கட்டுவது நைலான் கயிற்றில். அந்த மூலையைச் சுத்தம் செய்யும் செலவு என்னுடையது, கமோடு உள்பட.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு. அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மாடிக்கு வாருங்கள். கம்பியைத் தற்காலிகமாகக் கட்டி, பேட்டரியில் ஓட்டிக் காட்டுகிறேன், ஏழரைக்குள் கழற்றிவிடுவேன். கட்டாயம் யாராவது கிடைப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது, ஜப்பானும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். சுக்குக் காப்பி நான் கொண்டுவருகிறேன். செயலாளர் மேடம், மாடிச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வாருங்கள்.

73,
பி பிளாக், மூன்றாம் மாடி